ஜன்னலைத் திறந்தால் கடல்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அவமானம். போர்ட் பிளேருக்கு வேலைக்கு வந்த பத்தொன்பதாவது நாள், மதுரையில் இருந்த மனைவியிடம் போனில், "வீடு பாத்துட்டேன். ஜன்னலைத் திறந்தா கடல்" என்று சொன்னேன். வீடு எதையும் நான் பார்த்திருக்கவில்லை. தங்கியிருந்த லாட்ஜ் அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான். கையை நீட்டினால் பல்லி தட்டுப்படும்.

ஏன் இந்தப் பொய் என்று கேட்பீர்கள். துபாய்க்குப் போயிருந்த மச்சினன் எதிரில், "நானும் கடல் தாண்டித்தான் போறேன்" என்று ஒருமுறை பெருமை அடித்திருந்தேன். போகிற இடத்தில் பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒரு பெருமை அடித்துவிட்டால் அதற்குத் தினமும் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கடல் தெரியும் ஜன்னல் அன்றைய தீனி.

மனைவி அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அதோடு நின்றிருந்தால் சமாளித்திருப்பேன். தனக்கும் நாலு வயது மகளுக்கும் கப்பல் டிக்கெட்டும் எடுத்துவிட்டாள். கப்பலில்தான் கிரைண்டரைக் கொண்டுவர முடியுமாம். வெள்ளிக்கிழமை மாலை சென்னைத் துறைமுகத்திலிருந்து பேசினாள். "கெளம்பிருச்சு. இனிமே சிக்னல் இருக்காது. திங்கக்கிழமை காலையில வீட்டுச் சாவிய எடுத்துக்கிட்டே கப்பல் வர்ற ஜெட்டிக்கு வந்துருங்க" என்றாள். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தபோது லைன் போய்விட்டது. உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேனா என்று இப்போது நினைத்தால் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

ஆக, திங்கட்கிழமை காலைக்குள் கையில் ஒரு சாவி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கட்டில் போட்ட லாட்ஜ் அறையில் மனைவியும் மகளும் கிரைண்டரும் நானும்.

என் கம்பெனியின் ஸ்டோர் கீப்பர் இந்தத் தீவிலேயே பிறந்த தமிழர். அப்பா அம்மா ராமநாதபுரம் பக்கம். சனிக்கிழமை காலை அவர் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பயத்தைவிட உற்சாகம்தான் அதிகமாக இருந்தது. ஏற்ற இறக்கமான ரோடு, வளைவுக்கு வளைவு தென்னை, எங்கே திரும்பினாலும் ஒரு துண்டு நீலம். இந்த ஊரில் கடல் தெரியாத ஜன்னல் கிடைப்பதுதான் கஷ்டம் என்று நினைத்தேன். கடல் தெரிய வேண்டும், அது ஒன்றுதான் கண்டிஷன் என்று அவரிடம் சொன்னபோது அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சாத்தம் துறையில் ஃபெர்ரி ஏறி, வண்டியோடு எதிர்க்கரையில் இருந்த பாம்பூஃப்ளாட் போனோம். அங்கே ஒரு வீடு நான் சொன்ன பொய்க்கென்றே கட்டியதுபோல் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கடல், கதவைத் திறந்தாலும் கடல். நான் வாசலிலேயே துள்ளினேன். ஸ்டோர் கீப்பர் ஸ்கூட்டரை விட்டு இறங்கவே இல்லை.

"கடல் தெரியுற வீட்ட இங்க யாரும் தேடிப் போறதில்ல சார்," என்றார். "நமக்குக் கடல் தெரிஞ்சா, கடலுக்கும் நம்ம வீடு தெரியும்ல."

சுனாமியின்போது அவருக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. திரும்பும் ஃபெர்ரியில் கடலைப் பார்க்காமல் என் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நாலு வீடு பார்த்தோம். நான் நேராக ஜன்னலுக்குப் போவேன். அவர் நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். சாயங்காலம் பத்துபஸ்தி என்ற பகுதியில் ஒரு மாடி வீட்டுக்கு வந்தோம். அங்கே மூடியைத் திறந்தவர் முதல்முறையாக, "படியா டேங்க்," என்று இந்தியில் மெச்சினார்.

கீழ்வீட்டில் இருந்த உரிமையாளர் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்க அம்மா. ஐம்பது வயது இருக்கும். கணவர் படகில் போயிருந்தார். நான் வணக்கம் சொல்லிவிட்டு, மாடி ஜன்னலிலிருந்து கடல் தெரியுமா என்று கேட்டேன்.

"கடல் பாக்கணும்னா ஜெட்டிக்குப் போ தம்பி. அங்க வாடகை கெடையாது."

அடுத்து அவர் என்னைக் கேட்டார். "டிரம் எத்தன வச்சிருக்க?"

இரண்டு பெட்டி, ஒரு தலையணை என்றேன். அந்த அம்மா என்னை விட்டுவிட்டு ஸ்டோர் கீப்பரைப் பார்த்தார். "நயா ஆத்மி ஆன்ட்டி, மெயின்லேண்ட்லேர்ந்து வந்து ஒரு மாசந்தான் ஆச்சு. வாங்கிருவாரு," என்று அவர் எனக்காக மன்னிப்புக் கேட்டார். பிறகுதான் எனக்கு விளக்கினார்கள். இங்கே குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை வரும், அரைமணி நேரம் இருந்தால் அதிகம். அந்த அரைமணியில் வீட்டில் ஆள் இருந்து டிரம் டிரம்மாகப் பிடித்து வைத்தாக வேண்டும். காலையில் ஒரு பெங்காலிக் குடும்பம் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. அவர்களிடம் ஏழு டிரம். ஏழு என்று சொல்லும்போது அந்த அம்மாவின் குரலில் ஒரு மரியாதை வந்தது.

நான் திங்கட்கிழமைக் கப்பலைப் பற்றிச் சொன்னேன். மகளைப் பற்றிச் சொன்னேன். பொய்யைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அது வரைக்கும் இறுகியிருந்த முகம் அங்கேதான் கொஞ்சம் தளர்ந்தது.

"நாளைக்குத் தண்ணி மொறை. சரியா பூசை நேரத்துலதான் வரும், ஞாயித்துக்கெழம மொறை வந்த போன தடவையும் பூசைக்குப் போவல," என்றார். "நீ வந்து புடி. நான் கோயிலுக்குப் போயிட்டு வாரேன். தொட்டி ரொம்பியிருந்தா சாவி ஒனக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே போய் நின்றேன். அந்த ஊரில் ஏழு மணி என்றால் வெயில் ஏறி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். அந்த அம்மா ஹோஸ் பைப்பின் ஒரு முனையைத் தெருக்குழாயிலும் மறு முனையைத் தரைத் தொட்டியிலும் செருகிக் காட்டினார். தண்ணீர் வரும் வேகத்தில் பைப் துள்ளும், பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று மூன்று முறை சொன்னார். அப்புறம் கதவைத் திறந்து போட்டுவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

பக்கத்திலேயேதான் இருந்தேன். தண்ணீர் வரவில்லை. சும்மா நிற்பானேன் என்று மொட்டை மாடிக்கு ஏறினேன். அங்கே டேங்க்கை வைத்திருந்த மேடை மேல் ஒரு கால் வைத்து எக்கினேன்.

கடல் தெரிந்தது.

ஒரு பலாமரத்துக்கும் எதிர்வீட்டுத் தகரக் கூரைக்கும் நடுவில், வேட்டிக் கரை அகலத்துக்கு, நீலமாக. என் பொய் உண்மையாகிக்கொண்டிருந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? போனை எடுத்து வீடியோ பிடித்தேன். போதாதென்று மறுபடியும் பிடித்தேன். மனைவிக்கு அனுப்பினேன். நடுக்கடலில் சிக்னல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தவளுக்குக் கடலின் வீடியோ. எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மா வாசலில் நின்று என்னைப் பார்த்து இரண்டு கையையும் வீசினார். என்ன அன்பான தெரு என்று நானும் இரண்டு கையையும் வீசினேன். அவர் இன்னும் பலமாக வீசினார். நானும்.

பிறகு அவர் தெருவைச் சுட்டிக் காட்டினார். கீழே பார்த்தேன். ஹோஸ் பைப் தொட்டியை விட்டு வெளியே வந்து, சாக்கடைக்குள் தலையை நீட்டிக்கொண்டு கிடந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் ஆட்கள் குனிந்து தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்து நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான்.

இறங்கும்போது எத்தனை படியை உண்மையிலேயே மிதித்தேன் என்று தெரியாது. பைப்பைப் பிடுங்கித் தொட்டிக்குள் திணித்து, அதன் மேல் உட்கார்ந்தேன். தொட்டி பாதி ஏறும்போதே வேகம் குறையத் தொடங்கியது. அந்த வேகத்தில் வந்த தண்ணீர் பைப் வழியாகத் தொட்டி விளிம்பு வரை ஏறவில்லை. அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது, அதாவது என் புத்தி எப்படி வேலை செய்யுமோ அப்படி. பைப்பைக் கழற்றி வீசிவிட்டு, திறந்து கிடந்த வீட்டுக்குள் ஓடிக் கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கிவந்து குழாயடியில் வைத்தேன். குடம், வாளி, இட்லிக் கொப்பரை, குக்கர், டீ ஃப்ளாஸ்க். வராந்தாவில் இருந்த மீன் ஐஸ்பெட்டி. மாதா படத்துக்கு முன்னால் இருந்த பூச்சாடியைக்கூட விடவில்லை. தெலுங்கு அம்மா என் பரிதாபத்தைப் பார்த்து அவர் வீட்டு அண்டா ஒன்றையும் ரொப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். நிரம்பியதையெல்லாம் வீட்டுக்குள் தூக்கி வைத்துவிட்டு, கடைசிச் சொட்டை ஒரு டம்ளரில் பிடித்தேன்.

பூசை முடிந்து வந்த அந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே காலை வைக்க இடமில்லை. நான் தலை முதல் கால் வரை நனைந்து, குக்கருக்கும் ஐஸ்பெட்டிக்கும் நடுவில் நின்றேன். பொய் சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. போன பொய்யின் ஈரமே இன்னும் காயவில்லை. மாடியில் நின்று கடல் பார்த்தேன், பாதித் தண்ணீர் சாக்கடைக்குப் போய்விட்டது என்று சொல்லிவிட்டேன்.

அவர் தொட்டியைத் திறந்து பார்த்தார். ஐஸ்பெட்டியை முகர்ந்து பார்த்தார்.

"மீன் பொட்டியில எவனாவது தண்ணி புடிப்பானா?" என்றவர், பூச்சாடியைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. அப்படியே உள்ளே போய்ச் சாவியோடு வந்தார். ஏழு டிரம் வைத்திருக்கிறவன் தன் டிரம்மை மட்டும்தான் நிரப்புவான் என்று முணுமுணுத்தார். ஒரே நிபந்தனை. இனி ஒவ்வொரு தண்ணீர் முறைக்கும் இரண்டு வீட்டுக்கும் பைப் பிடிப்பது என் வேலை. தண்ணீர் நிற்கும்வரை மாடிப்படியில் கால் வைக்கக் கூடாது.

திங்கட்கிழமை காலை ஜெட்டியில் சாவியை மணிபோல ஆட்டிக்கொண்டு நின்றேன். மகள் குதித்துக்கொண்டு இறங்கினாள். மனைவி மூன்று நாள் வாந்தி எடுத்து, முகம் வெளுத்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். ஆட்டோவில் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக ஜன்னலுக்குப் போய்த் திறந்தாள். பலாமரம். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க இல்ல, மேல வா," என்று மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். கையைப் பிடித்து டேங்க் மேடையில் ஏற்றிவிட்டேன். விரலை நீட்டி, பலாமரத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் அந்த வேட்டிக் கரையைக் காட்டினேன். மூன்று நாளாக அதைத் தவிர வேறெதையும் பார்க்காதவள், சண்டைபோட்டுப் பிரிந்த சம்பந்தியைக் கல்யாண வீட்டில் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தாள்.

"கடல். சொன்னேன்ல? எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

அவள் இறங்கி, டேங்க்கை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"தண்ணி எப்ப வரும்?"