அர்ஜுனனின் மதகு மாட்டிக்கொண்ட கதை

அத்திபெலே பக்கத்து நீர்த்தேக்கத்தில் மதகு திருப்பும் அர்ஜுனன் படித்தது மூன்றாம் வகுப்பு. அதற்கு மேல் அவருக்குத் தேவைப்படவில்லை. கல் சுமக்க வந்தவர், தன் திறமையால் சக்கரத்தைக் கையில் வாங்கினார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மதகு ஒருநாள்கூட மக்கர் செய்ததில்லை. இதைக் கேட்காமல் அவரிடம் யாரும் பீடிக்கு நெருப்பு வாங்கியதுமில்லை.

1998 ஜூனில், நல்ல மழையில், புதன்கிழமை உத்தரவு வந்தது. சனிக்கிழமை படகு விழா. மதகை மூடித் தண்ணீரைப் பன்னிரண்டு அடிக்கு ஏற்ற வேண்டும். பதினோராவது அடியில், கரை மண்ணுக்குள் ஆமை முட்டைகள் கிடந்தன. அங்கே குச்சி நட்டு வைத்திருந்த காலேஜ் பெண் சௌம்யா, "இன்னும் ஒரு வாரத்துல குஞ்சு வந்துடும்ணா. எடுத்து வேற இடத்துல வெச்சா செத்துடும்" என்றிருந்தாள். அர்ஜுனன் எந்த வருஷமும் பத்தடியைத் தாண்ட விட்டதில்லை. தன் கைமேல் இருந்த நம்பிக்கையில்தான் ஆமை அங்கே முட்டையிட்டது என்பது அவர் முடிவு. நம்பி வந்ததை மூழ்கடிப்பதா?

என்ஜினீயர் வெங்கடராமனிடம் சொன்னார். "ஆமையைக் கேட்டா விழாவுக்குத் தேதி வெப்பாங்க? மூடுப்பா" என்று அவர் ஜீப் ஏறிப் போய்விட்டார்.

அன்றே அர்ஜுனன் முங்கி, மதகுப் பலகையின் அடியில் ஒரு கருங்கல்லைச் செருகினார். மறுநாள், "மாட்டிக்கிச்சு சார்" என்றார்.

வெங்கடராமன் நம்பவில்லை. "உன் மதகா? சும்மா விளையாடாதே."

"நிஜமாத்தான் சார். நான் சரியாப் பாக்கல."

"உன் பேச்சை மதகு கேக்கும்னு போன வாரம்கூடச் சொன்னியே."

"அது சும்மா அளந்து விட்டது சார்." கடைவாய்ப் பல் பிடுங்கியபோதுகூட அவருக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

"அப்போ இருபத்திரண்டு வருஷம்?"

"அதிர்ஷ்டம் சார்."

வெங்கடராமன் ரிஜிஸ்டரில் 'கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை, பன்னிரண்டடிக்குக் கட்டிய படித்துறைக்கு எட்டாமல் படகு சேற்றில் உட்கார்ந்தது. மாலை போட்ட பிரமுகர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே கரையேறினார். திங்கட்கிழமை, பிஸ்கட் அளவில் பதினோரு குஞ்சுகள் தண்ணீருக்கு இறங்கின. சௌம்யா எண்ணினாள். அர்ஜுனன் காக்கா விரட்டினார்.

புதன்கிழமைதான் ஒசூரிலிருந்து முங்கு நீச்சல்காரன் பரத் வந்தான். ஒரே மூச்சில் கல்லை எடுத்துவிட்டு, கரையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னான்: "இத்தனை வருஷமா என்ன தொழில் கத்துக்கிட்ட பெருசு?"

பதில் அர்ஜுனனின் தொண்டை வரை வந்தது. சொன்னால் வேலை போகும்.

"என்னத்தப்பா கத்துக்கிட்டேன்" என்று, அவன் தலை துவட்டத் தன் துண்டை எடுத்துக் கொடுத்தார்.