கோட்டுக்கு மேலே அரை விரல்

துறைமுகத்துக்குப் போகும் வீதியில், கயிறும் வலையும் விற்கிற கடைக்கும் பூட்டிக் கிடக்கிற ஒரு லொட்ஜுக்கும் இடையில் இருக்கிறது அந்தப் பார். நானும் என் நண்பரும் வியாழக்கிழமைகளில் பின்னேரம் ஐந்து மணிக்குப் போவோம். வெள்ளிக்கிழமை இரண்டு வீட்டிலும் மரக்கறிச் சாப்பாடு. சனி, ஞாயிறில் நிலாவெளிக் கடற்கரைக்குப் போகிற கொழும்புக் கூட்டம் வழியில் இறங்கிக் கதிரைகளைப் பிடித்துவிடும். ஆகவே வியாழன்.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். எங்கள் வீதியில் தண்ணீர்க் குழாய் எப்போது உடைந்தது, ஊருக்குள் திரிகிற மான் எந்த வீட்டுப் படலைக்குள் புகுந்து எந்தச் செடியைத் தின்றது என்பதெல்லாம் திகதியோடு என்னிடம் உண்டு. இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை. நண்பரின் நிலை வேறு. சாராயக் கடைகளையும் பார்களையும் பரிசோதிக்கும் அரசாங்க உத்தியோகத்தராக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். போத்தலின் மூடியைத் திறந்து ஒரு தரம் மணந்தால் உள்ளே இருப்பது தென்னஞ்சாராயமா, சீனிப்பாகு ஸ்பிரிட்டில் நிறம் கலந்ததா என்று சொல்லிவிடுவார் என்று பெயர். அந்தப் பெயர் ஓய்வு பெறவில்லை. அடுத்த மேசைகளில் இருந்து ஆட்கள் எழுந்து வந்து கிளாசை நீட்டுவார்கள்.

“ஐயா, இதை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.”

அவர் கிளாசை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, இரண்டு மூச்சு எடுப்பார். பிறகு, “சரியான சாமான்.” கேட்டவர் ஆசீர்வாதம் வாங்கினவர் போலத் திரும்பிப் போவார். இதற்குக் கைமாறாக, பார் மனேஜர் ஒவ்வொரு வியாழனும் எங்கள் மேசைக்கு மிளகாயும் வெங்காயமும் போட்டுப் பிரட்டின டெவல் கணவாய் ஒரு தட்டு அனுப்புவார். நாங்கள் கேட்பதில்லை, அவர் பில்லில் போடுவதுமில்லை. நான் அதை மரியாதை என்று குறித்துவைத்தேன்.

அந்தப் பாரில் ஒரு வழக்கம் உண்டு. முழுப் போத்தல் வாங்கி முடிக்காதவர்கள் மிச்சத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போகலாம். கவுண்டருக்குப் பின்னால் கண்ணாடி அலுமாரி ஒன்று இருக்கிறது. லேபலில் பெயரை எழுதி, சாராயம் நிற்கிற மட்டத்தில் ஒரு கோடு கீறிக் கொடுத்தால், அடுத்த முறை போத்தல் அப்படியே வரும். வந்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலை, தம்பலகாமத்துக் கமக்காரன் வயல் வரம்பைப் பார்க்கிற மாதிரி அந்தக் கோட்டைப் பார்ப்பதுதான். ஒரு துளி குறைந்ததாக எவரும் சொன்னதில்லை. “எங்கட அலுமாரி பாங்க் லொக்கர் மாதிரி” என்பார் மனேஜர்.

மற்றவர்கள் கையால் கோடு கீறுவார்கள். நான் சட்டைப் பையில் சிறிய அடிமட்டம் கொண்டு போவேன். கோட்டுக்குக் கீழே திகதியும் நேரமும். அதற்குக் கீழே நண்பரின் கையெழுத்து; உத்தியோக காலத்துக் கையெழுத்து, சுழிகளோடு. ஒரு போத்தல் எங்களுக்கு மூன்று வியாழன் வரும். சில நாட்டு அரசியலமைப்புகளுக்குக்கூட இவ்வளவு பாதுகாப்பு இருந்திருக்காது.

இரண்டாம் வியாழன் சாராயம் முதல் வியாழன் சாராயத்தைப் போல இருப்பதில்லை என்பதை நான் ஆரம்பத்திலேயே உணர்ந்தேன். முதல் நாள் மூடியை எங்கள் முன்னால்தான் உடைப்பார்கள். அன்று தொண்டையில் பதமாக இறங்கும். அடுத்த கிழமை அடிநாக்கில் தகரம் நக்கின ருசி. நண்பரிடம் கேட்டேன்.

“ஐசே, போத்தல் திறந்தாப் பிறகு காத்துப் படும். அப்பதான் அதின்ர குணம் வெளியிலை வரும். இது விளங்கிறதுக்கு அனுபவம் வேணும்” என்றார்.

நான் அன்றிரவே அதை நாட்குறிப்பில் எழுதி, கீழே கோடும் போட்டேன். நாலு புத்தகம் வாசித்தவனை ஏமாற்றுவது எளிது. அவனுக்கு ஒரு கோட்பாடு கொடுத்தால் போதும், நாக்கை மறந்துவிடுவான். அடுத்த மாதத்துக்குள் இந்தக் கோட்பாடு பார் முழுக்கப் பரவிவிட்டது. காத்துப் படாத சாராயம் முரடு என்று சிலர் முதல் நாளே குறையாக வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள். மனேஜரின் முகத்தில் அப்போது கண்ட மலர்ச்சியை நான் வாடிக்கையாளர் மீதான அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

புத்தரின் வெசாக் பண்டிகைக்காகப் பார்களைப் பூட்டித் திறந்ததற்கு அடுத்த வியாழன் எங்கள் போத்தல் வந்தது. இரண்டாம் வியாழனுக்குரிய போத்தல். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டைப் பார்த்தேன். சாராயம் கோட்டுக்கு மேலே நின்றது. மேசை சரிவோ என்று போத்தலைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். அரை விரல் கூட.

“சூட்டுக்குப் பெருத்திருக்கும்” என்றார் நண்பர்.

“பெருத்தால் ஒரு நூல் பெருக்கும், அரை விரல் பெருக்காது.”

மனேஜரைக் கூப்பிட்டேன். வந்தார், பார்த்தார், சிரித்தார். “சேர், குறைஞ்சு போச்செண்டு சண்டை பிடிச்ச ஆக்களைக் கண்டிருக்கிறன். கூடிப்போச்செண்டு முறைப்பாடு சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்.”

“கூடினது எங்கையிருந்து வந்தது?”

“வெசாக் தானம் எண்டு வையுங்கோவன்.”

சுற்றியிருந்த மேசைகள் சிரித்தன. என் தலைக்குள் அப்போதுதான் கணக்குச் சரிவந்தது. நாங்கள் இவ்வளவு காலமும் காவல் காத்தது அளவை மட்டும். நல்லதை வேறு போத்தலில் ஊற்றி எடுத்துவிட்டு, மலிவானதைக் கோடுவரைக்கும் நிரப்பி வைத்திருக்கிறார்கள். இந்தக் கிழமை ஊற்றினவருக்குக் கை கொஞ்சம் தளர்ந்துவிட்டது. என் அடிமட்டக் கோடு அவர்களுக்கு நல்ல வழிகாட்டியாக இருந்திருக்கும். எங்கள் சாராயம் எந்த மேசைக்குப் போனதோ தெரியாது. யாரோ ஒருவர் எங்களுக்குப் பதிலாக அதை ரசித்திருப்பார்.

இதைச் சத்தமாகவே சொன்னேன். மனேஜர் அசையவில்லை. “என்னை நம்ப வேண்டாம் சேர். ஐயா பக்கத்திலைதானே இருக்கிறார். மணந்து பாத்துச் சொல்லட்டும்.”

நண்பர் ஊற்றச் சொல்லிக் கிளாசை எடுத்தார். கண்ணை மூடினார். இரண்டு மூச்சு.

“சரியான சாமான்.”

யாரோ கை தட்டினார்கள். கணவாய்த் தட்டு வந்தது. அன்றைக்கு வழக்கத்தைவிடப் பெரிய தட்டு.

வெளியே வந்து துறைமுகத்து மதிலோரமாக நடந்தோம். எங்கள் வீடுகள் இருக்கிற லிங்கநகருக்கு ஓட்டோ பிடிக்கிற சந்தி வந்தது. அங்கே நின்று கேட்டேன்.

“உமக்கும் மனேஜருக்கும் ஏதும் ஒழுங்கு இருக்கோ?”

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். “எனக்கு மணம் தெரியாது ஐசே” என்றார்.

“என்ன?”

“கொரோனாவோடை போனது. திரும்பி வரேல்லை. சாராயமும் ஒண்டுதான், மண்ணெண்ணெயும் ஒண்டுதான்.”

“அப்ப அந்தக் காத்துப் படுற கதை?”

“நீர் கேட்டீர். ஏதோ சொல்லத்தானே வேணும்.”

“ஆருக்குத் தெரியும்?”

“மனிசிக்கு மட்டும்.” ஓட்டோ ஒன்று வந்து நின்றது, அவர் கையை அசைத்து அனுப்பிவிட்டார். “நான் அங்கை குடிக்கவே போறனான்? பென்சன் எடுத்ததிலையிருந்து ஆரும் என்னட்டை ஒண்டும் கேக்கிறேல்லை. பிள்ளையள் போனிலை சுகம் கேப்பினம், அவ்வளவுதான். அங்கை பெரிய பெரிய ஆம்பிளையள் எழும்பி வந்து கிளாசை நீட்டிக்கொண்டு நிக்கிறாங்கள். தெரியாது எண்டு சொன்னால் பிறகு நான் ஆர்?”

வீட்டுக்கு வந்து நாட்குறிப்புகளைப் புரட்டினேன். மாசி மாதத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்: நண்பர் வீட்டுக் குசினியில் பால் அடிப்பிடித்துப் புகைந்தது, அவர் பக்கத்தில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார், எழும்பவில்லை. நான் அதற்கு எழுதிய விளக்கம், ‘வாசிப்பில் ஆழ்ந்த மனிதர்.’ என் கோடும் என் குறிப்பும் ஒரே தரம். திகதி சரி, மற்றதெல்லாம் பிழை.

மூடி உடைக்காத போத்தல் ஒன்றை வாங்கி வீட்டிலேயே குடிக்கலாம் என்று அடுத்த கிழமை சொல்லிப் பார்த்தேன். அவர் சம்மதிக்கவில்லை. வழமைபோல ஐந்து மணிக்குப் போனோம். கணவாய் வந்தது. மனேஜர் தூரத்தில் நின்று தலையை ஆட்டினார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருவர் எழுந்து வந்தார். நாற்பது வயதிருக்கும், எங்களுக்குத் தெரிந்த முகம். கிளாசை நீட்டவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“ஐயா, போன கிழமை என்ர அலுமாரிப் போத்தலையும் நீங்கள்தான் சரி எண்டு சொன்னனீங்கள். குடிச்சிட்டுப் போய் அடுத்த நாள் கிரேனிலை ஏறினனான். பாதி ஏணியிலை கண் இருண்டிட்டுது. பிடிச்சுக்கொண்டு இறங்கினது பெரிய காரியம்.” அதன் பிறகுதான் கிளாசை மேசையில் வைத்தார். “இது சரியோ?”

நண்பர் கிளாசை எடுத்தார். மூக்கு வரைக்கும் கொண்டுபோனார். நான் கண்ணை மூடுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூடவில்லை. கிளாசைத் திரும்ப வைத்தார்.

“தம்பி, எனக்கு மணம் தெரியாது.”

“ஐயா பகிடி விடுறார்” என்றபடி மனேஜர் கிட்ட வந்தார்.

“பகிடி இல்லை. கொரோனா வந்ததிலையிருந்து தெரியாது. இவையள் நீட்டின எல்லாத்தையும் நான் தெரியாமத்தான் சரி எண்டனான்.” பிறகு கிரேன்காரரைப் பார்த்தார். “முதல் நாள் மூடியை உடைக்கேக்கை நல்லா இருந்ததோ?”

“ஓம்.”

“அலுமாரியிலை வைச்சு எடுத்த பிறகு?”

“இல்லை. ஆனா நீங்கள்தானே காத்துப் படவேணும் எண்டு…”

“அது நான் விட்ட புளுகு.”

ஒருவரும் கை தட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் எழுந்துபோய் அலுமாரியில் இருக்கிற தன் போத்தலைக் கேட்டார். பிறகு இன்னொருவர். பள்ளிக்கூடம் விட்ட நேரம் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் மாதிரி வரிசையாக நின்று, ஆளாளுக்குத் தன் கோட்டைச் சரிபார்த்து, மாற்றி ஊற்றப்பட்ட அதே மலிவுச் சாராயத்தைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள். ஒருவருக்கு ஒரு மயிரிழை குறைந்திருந்ததாம். அதற்குத்தான் சண்டை பிடித்தார்.

அதற்கடுத்த வியாழன் கணவாய் வரவில்லை. நண்பர் தானே ஓடர் பண்ணினார். வெசாக்குப் பிறகு குடிக்காமல் விட்ட எங்கள் பழைய போத்தல் வந்தது. பார்த்தேன்: மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, சரியாகக் கோட்டில். திருந்திவிட்டார்கள். நாங்கள் அதைத் தொடவில்லை. சோடாவும் கணவாயும் வைத்துக்கொண்டு இருந்தோம். நண்பரிடம் ஒருவரும் வரவில்லை. அவர் வாசலைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தார். “றப்பர்” என்றார் கடைசியில். “இவ்வளவு நாளும் சும்மா வந்ததாலை தெரியேல்லை.”

ஆறு மணி போல கிரேன்காரர் உள்ளே வந்தார். குடிக்க ஒன்றும் கேட்கவில்லை. நேரே எங்கள் மேசைக்கு வந்து கதிரையை இழுத்து இருந்தார்.

“ஐயா, இதைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிறதெண்டால் எப்பிடி எழுதிறது? ஆருக்கு எழுதிறது?”

நண்பர் தட்டைத் தள்ளி வைத்தார். “ஆருக்கு எண்டும் தெரியும். எந்த மேசை லாச்சிக்குள்ளை போய்க் கிடக்கும் எண்டும் தெரியும். அந்த லாச்சிக்குள்ளை நானே எத்தினையைப் போட்டனான்.” கொஞ்சம் யோசித்தார். “லாச்சிக்குள்ளை போடேலாத மாதிரி எழுதலாம். அதுக்கு ஒரு முறை இருக்கு. ஐசே, பேனை எடும்.”

என் பேனையில் மை முடிந்திருந்தது. கிரேன்காரர் கவுண்டருக்குப் போய், லேபல்களில் பெயர் எழுத வைத்திருக்கிற பேனையை வாங்கி வந்தார். மனேஜர் எதற்கென்று கேட்காமல் கொடுத்துவிட்டார். என் நாட்குறிப்பிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். அதுவரை ஒரு தாளும் கிழித்ததில்லை. நண்பர் ஒரு சொல்லும் தடுமாறாமல் சொல்லத் தொடங்கினார், கிரேன்காரர் ஒவ்வொன்றுக்கும் “ஓம் ஐயா, ஓம் ஐயா” என்றுகொண்டிருந்தார். கோட்டுக்கு மேலே அரை விரல் நின்ற நாள் எது என்று கேட்க மட்டும் நண்பர் என் பக்கம் திரும்பினார். என்னிடம் திகதி இருந்தது.