நிற்காமல் நடந்த சத்தியநாதன்

சிவகாசிக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் சத்தியநாதன் லேப் அசிஸ்டென்ட். ரோட்டில் இறங்கினால் எதிரே வருகிற ஒருவரையும் விசாரிக்காமல் விடமாட்டார். யார் வீட்டு மாட்டுக்கு என்ன சீக்கு, யார் மகனுக்கு எங்கே வேலை, எல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். இந்த மனிதரைப் போய் நடக்கச் சொன்னாளே தஹ்மீனா, அவளைச் சொல்ல வேண்டும்.

2008இல் அவள் அதே கல்லூரியில் எம்.இ. கடைசி வருடம். பட்டாசு ஆலைத் தொழிலாளிகள் இடுப்பில் சின்ன சென்சார் ஒன்று இருந்தால், சூடு ஏறும்போதே எச்சரிக்கலாம் என்பது அவள் ஆராய்ச்சி. ஆள் நகர நகர வயர்லெஸ் தொடர்பு அறுந்துவிடக் கூடாது. அதைச் சோதிக்கத்தான் கல்லூரி ரோட்டில் கம்பத்துக்குக் கம்பம் சிக்னல் வாங்கும் பெட்டி கட்டிவிட்டு, சென்சார் கருவியைச் சத்தியநாதன் இடுப்பில் மாட்டினாள்.

முதல் சோதனையில் ஒரு தகவல்கூட விடுபடவில்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பேராசிரியர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ஆள் நடக்கவே இல்லையேம்மா," என்றார். வாஸ்தவம்தான். மனிதர் கம்பத்துக்குக் கம்பம் நின்று ஊர்க்கதை பேசியிருக்கிறார். நிற்கிற ஆளிடம் சிக்னல் எப்படி அறும்?

மறுநாள் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். தவறினால் இன்னொரு வருடம் படிக்க வேண்டும். பேசி முடித்த கல்யாணத்தை வைத்துக்கொண்டு அதற்கு வீட்டில் விடமாட்டார்கள்.

"அண்ணே, இன்னைக்கு யாரு கூப்பிட்டாலும் நிக்கப்படாது."

"சரிம்மா. வாயே தொறக்க மாட்டேன்."

டீக்கடை காமராஜ் கூப்பிட்டார். சத்தியநாதன் நிற்கவில்லை. பஸ் ஸ்டாப்பில், கையில் பையோடு இறங்கினார் காரியாபட்டிச் சம்பந்தியம்மா ஞானதீபம். சத்தியநாதன் தன் மகள் ஜாஸ்பினை அந்த வீட்டில் கட்டிக்கொடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

"சம்பந்தி, எங்கன இம்புட்டு அவசரமாப் போறீக?"

சத்தியநாதனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஆனாலும் நடந்தார்.

தொடர்பு எங்கும் அறவில்லை. தஹ்மீனா தப்பித்தாள். சோதனை முடிந்து சத்தியநாதன் பஸ் ஸ்டாப்புக்கு ஓடிவந்தபோது, சம்பந்தியம்மா வந்த வழியே திரும்பிப் போயிருந்தார். மறுநாள் ஜாஸ்பின் போனில் அழுதாள். அத்தை அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை தஹ்மீனா அவரை விடாப்பிடியாகக் காரியாபட்டிக்குக் கூட்டிப்போனாள். "வாங்க" என்றதோடு சரி, ஞானதீபம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தஹ்மீனா வரைபடத்தை விரித்தாள். சத்தியநாதன் எடுத்துவைத்த ஒவ்வோர் எட்டையும் கருவி பதிந்து வைத்திருந்தது.

"இங்கன பாருங்கம்மா. வழி பூரா ஒரே சீரா நடந்திருக்காக. நீங்க கூப்பிட்ட எடத்துல மட்டும் தயங்கித் தயங்கி எட்டு வச்சிருக்காக. நிக்கப்படாதுன்னு நாந்தான் சொன்னேன். நின்னிருந்தா என் படிப்பு போயிருக்கும்."

ஞானதீபம் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நடக்க முடியாமல்ல நடந்திருக்காக," என்றார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம்மா ஜாஸ்பின், ஒங்கப்பா வந்திருக்காக. கறி எடுக்க ஆள் அனுப்பு."

அதுவரை அடக்கிக்கொண்டிருந்த சத்தியநாதன் அப்போதுதான் அழுதார்.