மனோகர் அண்ணாவின் தோளில் ஒரு புடவை

நான் கல்யாணமாகி வந்த வெளிநாட்டு ஊரான ஐந்தோவனில், எங்கள் தெருவில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. சாயங்காலம் விளக்கைப் போட்டால் ஒவ்வொரு வீடும் இனிப்புக்கடை கண்ணாடிப் பெட்டி மாதிரி ஆகிவிடும். யார் சோபாவில் கால் நீட்டியிருக்கிறார், யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் சூப், எல்லாம் தெரியும். ஆனால் நடந்து போகிற ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் வந்த புதிதில் நின்று நிதானமாகப் பார்த்துக்கொண்டு போனேன். காஞ்சிபுரம் பக்கம் செவிலிமேட்டில் எங்கள் தெருவில் ஜன்னல் திறந்திருந்தால் அது பார்ப்பதற்காகத்தான் திறந்திருக்கிறது. பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் போனால்தான் தப்பு. "இன்னாமா, கண்டும் காணாத மாதிரி போற" என்று மறுநாள் தண்ணிக் குழாயில் கேட்டுவிடுவார்கள்.

அந்த நினைப்பில் ஒருநாள் பக்கத்து வீட்டு மார்லேனிடம், "நேற்று உங்கள் வீட்டில் பூசணி சூப், மகள் சாப்பிடாமல் அடம் பிடித்தாளே, அப்புறம் சாப்பிட்டாளா?" என்று அக்கறையாகக் கேட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "நீ பார்த்தாயா?" என்றார். சந்தோஷப்படுகிறார் போல என்று நினைத்து, "ஆமாம், தினமும் பார்ப்பேன்" என்றேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் என்னிடம் பேசவில்லை. பிறகு அவரே வந்து பொறுமையாக விளக்கினார். திறந்து வைத்திருக்கிறோம், ஏனென்றால் மறைக்க எதுவுமில்லை. நீ பார்க்கக் கூடாது, ஏனென்றால் அது உன்னுடையதில்லை. இரண்டும் சேர்ந்ததுதான் இந்தத் தெரு. எனக்கு அது அன்றைக்குப் பிடிபடவில்லை. என் சொந்த ஜன்னலுக்குள் ஒருவர் கைவிட்டு எடுத்துக்கொண்டு போனபோதுதான் பிடிபட்டது.

அந்தக் கதைக்குக் காஞ்சிபுரம் போக வேண்டும். கல்யாணத்துக்கு முன் நான் ஒரு பட்டுப்புடவைக் கடையில் புடவை எடுத்துப் போடுகிற வேலையில் இருந்தேன். கடையை நடத்துகிறவர் மனோகர் அண்ணா. கல்லாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். மூட்டுவலி என்று யாரும் நினைக்க வேண்டாம், கௌரவம். அமைச்சர் வீட்டுக் கல்யாணமானாலும் உட்கார்ந்தபடியேதான் கும்பிடுவார். நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் வாடிக்கையாளர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குச் சினிமா பார்ப்பது மாதிரி. முசரவாக்கத்திலிருந்து தனலட்சுமி அக்கா வருவார், மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். பட்டுப்புடவையை எப்படிப் பாதுகாப்பது என்று ஒரு கல்யாணப் பெண் என்னிடம் கேட்டபோது அவர் குறுக்கே புகுந்து சொன்னார்: "மாசத்துக்கு ஒருதபா பிரிச்சு மடிப்ப மாத்தி வையிமா. மனுஷனே ஒரே பக்கமா படுத்தா கை மரத்துப்போவுது." இதையெல்லாம் மறந்துவிடக் கூடாதே என்று போனில் தட்டி வைத்துக்கொள்வேன். கடைக்கு இணையதளம் வந்தபோது, அதில் எழுத ஆள் இல்லை என்று என்னிடம் கொடுத்தார்கள். நெட்டில் வீடியோ பார்த்து நானே கற்றுக்கொண்டேன். மக்கள் தேடுகிற கேள்வியைத் தலைப்பாக வைக்க வேண்டும், பதிலை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும், ஊர்ப் பெயரைச் சேர்க்க வேண்டும். இப்படியே எழுத எழுத, பட்டுப்புடவை பற்றி யார் எதைத் தேடினாலும் எங்கள் கடை முதல் பக்கத்தில் வந்து நின்றது. ஒவ்வொன்றிலும் சொன்னவர் பெயரைப் போட்டிருந்தேன். தனலட்சுமி அக்கா தன் பெயரைப் போனில் பார்த்துவிட்டு, பேரனை விட்டு ஊரெல்லாம் காட்டினார்.

கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். இந்த ஊரில் எனக்குப் பேச ஆள் இல்லாத பகல்களில் அந்த எழுத்துதான் என் தெரு. ஒருநாள் மனோகர் அண்ணா போன் செய்தார்.

"கோமளா, இனிமே நீ சிரமப்பட வேணாம்மா. ஏஐ வந்துருக்குது. நீ எழுதினது மொத்தத்தையும் அதுக்குக் குடுத்துட்டோம். அதுவே எழுதிக்குது, அதுவே தலைப்பு வச்சிக்குது, அதுவே போட்டுக்குது."

"நீங்க படிச்சுப் பாத்தீங்களாண்ணா?"

"நான் எதுக்குப் படிக்கணும்? ஒரு வரி கூடப் படிக்கிறதில்ல. படிக்கிற வேலையும் சேத்துத்தான் ஒழிஞ்சுது."

வேலை போனதற்கு நான் அழவில்லை. அன்று மாலை அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். "ராஜேஸ்வரி அம்மா பேசுகிறேன்" என்று ஒரு பெண்மணியின் முகம். பெரிய பொட்டு, ஜரிகைக் கரை, பிசிறில்லாத புன்னகை. அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. மெஷின் வரைந்த முகம். அதன் வாயில் தனலட்சுமி அக்காவின் பேச்சு, ஒரு எழுத்து மாறாமல்: "மனுஷனே ஒரே பக்கமா படுத்தா கை மரத்துப்போவுது என்று நான் அடிக்கடி சொல்வேன்." கடைக்கு வந்த ஐயம்பேட்டைக்காரர் சொன்னது, செவிலிமேட்டுக்காரி சொன்னது, நான் சொன்னது, எல்லோரும் சொன்னதை இல்லாத ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். முசரவாக்கத்தில் அக்காவின் பேரன் மறுபடி தேடிப் பார்த்தபோது பாட்டியின் பெயர் இல்லை. அக்கா என் அம்மாவிடம் கேட்டாராம்: "நான் சொன்னது புடிக்காம எடுத்துட்டாங்களாமா?" அந்தக் கேள்விதான் என்னைத் தூங்க விடவில்லை. அந்த முகத்தை இறக்க வேண்டும், அக்காவின் பெயரைத் திரும்ப ஏற்ற வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

சொந்தமாக ஒரு தளம் தொடங்கினேன். காலையில் நான் ஒன்று போட்டால் மதியத்துக்குள் அந்த மெஷின் மோப்பம் பிடித்து, நாலு வார்த்தையை மாற்றி, ராஜேஸ்வரி அம்மாவின் பேச்சாகப் போட்டுவிடும். கடைத் தளத்துக்குப் பழைய செல்வாக்கு இருந்ததால் தேடினால் அதுதான் முன்னால் வரும். என் செல்வாக்குதான் அது, நான் வளர்த்தது. மார்லேனிடம் புலம்பினேன். அவர் சூப் கிண்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அந்த ஆளிடம் உன் குறையை நேராகச் சொன்னாயா?"

"நேராகவா? அவர் எனக்கு அண்ணன் மாதிரி. முதல் வேலை கொடுத்தவர். முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?"

"பிறகு அவருக்கு எப்படித் தெரியும்?"

"அவராகக் கேட்க வேண்டும்."

மார்லேன் என்னை ஒரு புதிர் மாதிரி பார்த்தார். இந்த நாட்டில் குறை இருந்தால் அவரவர் வாயைத் திறக்க வேண்டும். எங்கள் ஊரிலோ எதிராளி கேட்கிற வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். கேட்காதவன் தப்பித்துக்கொள்வான்.

அந்த வாரக் கடைசியில் நானும் என் கணவரும் வெளியே சாப்பிடப் போனோம். இங்கே ஓட்டல்களில் ஒரு வழக்கம். சரியாக நாம் வாயில் உணவை வைத்த நேரம் பார்த்து, பரிமாறுகிறவர் வந்து "ஸ்மாக்ட் ஹெட்?" என்பார். ருசியாக இருக்கிறதா என்று அர்த்தம். பதில் சொல்கிற வரை நகர மாட்டார். முதல்முறை எனக்கு அர்த்தம் தெரியாமல், தட்டை எடுக்கவா என்று கேட்கிறார் போல என்று நினைத்து, தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அன்றைக்குப் பரிமாறுகிற பையன் பதிலுக்காக நகராமல் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தபோது என் தலைக்குள் விளக்கு எரிந்தது. கேட்க வைத்தால் என்ன?

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதினேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை. "காஞ்சிபுரத்தில் கல்யாணப் புடவை வாங்குபவர்கள் கேட்டுப் பெற வேண்டிய தோள்மாற்று வழக்கம்." பழைய கடைகளில் முதலாளியே எழுந்து, புடவையை வலது தோளில் போட்டுக்கொண்டு, பெண்ணின் வண்டி வரைக்கும் நடந்து வருவார். அங்கே நின்று, "எங்க மேல ஏதாச்சும் குறை இருக்குதா?" என்று கேட்பார். பெண் தன் வாயால் "இல்லை" என்று சொன்ன பிறகுதான் புடவை அவர் தோளிலிருந்து அவள் தோளுக்கு மாறும். சொல்லாத வரை அந்தப் புடவை அவளுடையதில்லை. இதுதான் வழக்கம் என்று எழுதினேன். அத்தனையும் புளுகு. காஞ்சிபுரத்தில் எந்தக் காலத்திலும் எந்த முதலாளியும் இப்படிச் செய்ததில்லை.

மதியத்துக்குள் மெஷின் விழுங்கிவிட்டது. "பழைய கடைகளில்" என்று நான் எழுதியது "எங்கள் கடையில் தலைமுறை தலைமுறையாக" என்று மாறியிருந்தது. ராஜேஸ்வரி அம்மா தன் கல்யாணத்தில் நடந்ததை நெகிழ்ந்து சொல்லியிருந்தாள். நான் என் கட்டுரையை அழித்துவிட்டேன். இப்போது உலகத்திலேயே அந்த வழக்கத்துக்கு ஒரே சாட்சி மனோகர் அண்ணாவின் கடைதான்.

கல்யாண சீசன் வந்தது. கடையில் என்னோடு வேலை செய்த பத்மா போன் செய்தாள். சிரிப்பில் பேச்சு வரவில்லை.

"ஏய் கோமளா, மனோகர் அண்ணா பொடவைய தோள்ல போட்டுக்கினு வெயில்ல நிக்கிறாருடி."

"எதுக்காம்?"

"சென்னைலேர்ந்து பொண்ணு வீட்டுக்காரங்க. போன நீட்டி, உங்க கடை வழக்கம்னு நீங்களே போட்டுக்கினு எங்களுக்கு மட்டும் ஏன் செய்ய மாட்டேன்றீங்கன்னு கேக்கறாங்க. பொண்ணோட மாமா சட்டைக் கைய மடிச்சிக்கினு வந்துட்டாரு. வேற வழி? எழுந்தாரு. நாங்கல்லாம் அவரு நடந்து பாத்ததே இல்லபா. இடுப்பு இருக்குதுன்னே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னாராம். எடுத்தார்கள். ஆனால் மக்கள் அதைத் தேடுகிறார்கள் என்று மெஷினுக்குத் தெரிந்துவிட்டதே. மறுநாளே வேறு தலைப்பில் மறுபடி எழுதிப் போட்டது. தோள்மாற்றுக்கு உகந்த நிறம், தோள்மாற்றின்போது கவனிக்க வேண்டியவை, தோள்மாற்று ஏன் அவசியம். மெஷினை நிறுத்திவிடலாம்தான். நிறுத்தினால் கூட்டம் எதிர்க்கடைக்குப் போய்விடும், அங்கேயும் ஒரு முதலாளி புடவையைத் தோளில் போட ஆரம்பித்திருந்தார். ஒவ்வொரு முகூர்த்த நாளிலும் பத்மா எனக்குத் தகவல் சொல்வாள். நான் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து காபியோடு அதை ருசித்துக் கேட்பேன். திரை போடாத ஜன்னலில் ஒருத்தி தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பதைத் தெரு பார்த்திருக்கும். நல்லவேளை, இங்கே யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் முகம் இறங்கவில்லை. அக்காவின் பெயர் ஏறவில்லை. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது நேராகக் கடைக்குப் போனேன்.

"வாம்மா கோமளா. ஃபாரின் தண்ணி ஒத்துக்கிச்சு போலக்குது" என்று உட்கார்ந்தபடியே கும்பிட்டார் மனோகர் அண்ணா. பத்மா புடவை எடுத்துப் போட்டாள். மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை. பணத்தைக் கட்டிவிட்டு, "தோள்மாற்று உண்டு இல்லண்ணா?" என்றேன்.

"உனக்குமா? நீ நம்ம கடைப் பொண்ணு."

"கடை வழக்கம்னா கடைப் பொண்ணுக்கும்தானே."

எழுந்தார். புடவையைத் தோளில் போட்டார். நான் கடைக்கு எதிர்ப்பக்கம் வேண்டுமென்றே தள்ளி நிறுத்தி வைத்திருந்த ஆட்டோ வரைக்கும் வெயிலில் நடந்து வந்தார். பின்னாலேயே நான். நெற்றி வியர்வை புடவையில் படாமல் இருக்கத் தலையைச் சாய்த்துக்கொண்டு, மந்திரம் மாதிரி கேட்டார்: "எங்க மேல ஏதாச்சும் குறை இருக்குதா?"

"இருக்குதுண்ணா" என்றேன்.

அந்தத் தெருவில் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. தோளில் சரிந்த புடவையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அந்த ராஜேஸ்வரி அம்மா யாரு? தனலட்சுமி அக்கா பேச்ச எடுத்து அந்த மூஞ்சிக்கு ஏன் குடுத்தீங்க? மூஞ்சிய எடுங்க. சொன்னவங்க பேரைப் போடுங்க."

"மெஷின் போட்டுக்கிச்சும்மா. எனக்கு இன்னா தெரியும்?" என்றவர் என்னையே உற்றுப் பார்த்தார். குரல் இறங்கியது. "இந்த வழக்கம்... இது எங்கேர்ந்து வந்துச்சு கோமளா?"

"உங்க கடைதான தலைமுறை தலைமுறையா செஞ்சிக்கினு வருது. என்னைக் கேட்டா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் பார்த்தேன். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்தேன் என்று சொன்னாலும் பொய்யில்லை. சுற்றிலும் ஆள் நின்றதால் அவரால் கத்த முடியவில்லை, புடவையை இறக்கவும் முடியவில்லை. "எடுத்துர்றேம்மா, எல்லாத்தையும் மாத்திர்றேன். இல்லன்னு சொல்லிடு. தோளு எரியுது."

நான் வாயைத் திறக்கவில்லை. அப்போது ஆட்டோக்காரர், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, தலையை வெளியே நீட்டினார்.

"யக்கா, வெளியூரா? பெரியவர வெயில்ல நிக்க வைக்கக் கூடாதுக்கா. இல்லன்னு சொல்லிட்டு வாங்கிக்கணும். இது எங்க ஊரு வழக்கம், பாட்டன் காலத்துலேர்ந்து இருக்குது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

ஐந்தோவன் ஓட்டலில் உட்கார்ந்து நான் கண்டுபிடித்ததை, என் ஊரிலேயே ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவர் பக்கம்தான் தலையாட்டினார்கள். மனோகர் அண்ணாவின் உதட்டோரம் மெல்லச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அந்த நிமிஷம் அந்தத் தெருவில் அவர்தான் ஊர்க்காரர், நான் வந்தவள். புடவையை அவர் தோளிலிருந்து நானே உருவிக்கொண்டு, "இல்லை" என்று சொல்லாமலே ஆட்டோவில் ஏறினேன்.

சொன்னபடி முகத்தை எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் எதிர்க்கடைத் தளத்தில் ஒரு விசாலாட்சி அம்மாவும், சுற்றுலாத் தளம் ஒன்றில் ஒரு கனகா பாட்டியும் அதே பேச்சைப் பேச ஆரம்பித்திருந்தார்கள். அவர்களை இறக்க என் கையில் ஒன்றுமில்லை. தனலட்சுமி அக்காவின் பெயர் இன்றுவரை எங்கும் ஏறவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்: முசரவாக்கம் தனலட்சுமி. நல்ல நாள் வந்தால் மனோகர் அண்ணாவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வரும். "இல்லன்னு சொல்லிடும்மா" என்று மட்டும் இருக்கும். அவரே அந்த வழக்கத்தை நம்ப ஆரம்பித்துவிட்டார் போலிருக்கிறது. நான் பதில் போடுவதில்லை.

புடவை இங்கே அலமாரியில் இருக்கிறது. இன்னும் கட்டவில்லை. நான் விதித்த விதிப்படி அது அவருடையதுமில்லை, என்னுடையதுமில்லை. மாதம் ஒருமுறை ஜன்னல் ஓரமாக நின்று பிரித்து, மடிப்பை மாற்றி வைக்கிறேன். போன மாதம் மார்லேன் எங்கள் ஜன்னலைத் தாண்டிப் போகையில் முதல்முறையாக நின்றார். திரும்பிப் பார்த்தார். நான் அந்தப் புடவையை இரண்டு கையிலும் அகல விரித்துப் பிடித்துக்கொண்டு, கட்டவும் தோன்றாமல் மடிக்கவும் தோன்றாமல், விளக்கு வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தேன்.