என் பாடு நாளில் விழுந்த மலைப்பாம்பு

ஏரியில் முறை வைத்து மீன் பிடிப்பதைப் பாடு என்போம். நம் பாடு வரும் நாளில் நம் வலையில் எது விழுந்தாலும் நமக்குத்தான். இறாலோ நண்டோ, யாரும் பங்கு கேட்க மாட்டார்கள். அந்த நினைப்பில்தான் நான் மாட்டிக்கொண்டேன், பிள்ளைகளே.

வெள்ளம் வந்த வாரம் என் வலையில் ஒரு மலைப்பாம்பு சுற்றிக்கொண்டது. என் கை நீளம் இருக்கும். வீட்டு மூலையில் குவித்திருந்த வலைகளை எலிகள் கடித்துக்கொண்டிருந்த சமயம் அது. இதை வளர்த்தால் எலி ஒழியும் என்று பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, டிரம்மின் வாயைப் பழைய வலைத் துண்டால் கட்டி வைத்தேன்.

"எலி புடிக்கப் பாம்பு. பாம்பு புடிக்க யாரு, நீயா?" என்றாள் உங்கள் அம்மா.

பெரியவளே, நீயும் விடவில்லை. "நைனா, காட்டு மிருகத்த வூட்ல வெச்சா ஜெயில்னு டீச்சர் சொன்னாங்க."

"இது காட்டுல வரல, ஏரில வந்துது. என் பாடு, என் வலை, என் பாம்பு."

மூன்றாம் நாள் காலையில் டிரம் காலி. வலைத் துண்டை எலி கடித்திருந்தது. சின்னவன் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தான். அம்மா அவனை வாரிக்கொண்டு கட்டில்மேல் ஏறினாள். நானும் ஏறினேன். பெரியவளே, நீதான் வாசலில் நின்று வனத்துறைக்குப் போன் போட்டாய்.

வந்த வனக்காவலர் வலைக் குவியலைக் கொக்கியால் விலக்கினார். உள்ளே சுருண்டு கிடந்தது.

"யாருதுப்பா இது?"

"சர்க்காருது சார்," என்றேன் கட்டில்மேல் நின்றபடி.

"மூணு நாளா அவருதுதான் சார், அவரு பாடு நாள்ல வந்துதாம்," என்றாள் அம்மா. "வலை எங்களுது, பாத்து எடுங்க."

அவர் சிரித்துவிட்டார். பாம்பைப் பையில் போட்டுக் கட்டிய பிறகுதான் முகம் மாறியது. "பாடெல்லாம் மீனுக்குப்பா. இத வெச்சிருந்தா கேஸு. வளந்தா ஆட்டுக்குட்டியவே முழுங்கிடும்."

ஆட்டுக்குட்டி என்றதும் நான் சின்னவனைப் பார்த்தேன். அவனும் அந்த எடைதான் இருப்பான்.

போகும்போது, "இனி எதுனா வலைல வந்தா போன் பண்ணு," என்றார்.

"நான் பண்றேன் சார்," என்றாய் நீ. "நைனா கட்டில்மேல இருப்பாரு."