டைரிக்கும் ஒரு பொட்டு

அறுபதுகளின் கடைசி அது. மகளுக்கு ஒன்பது மாதம். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். பயம் குறையட்டும் என்று, தினமும் ஒரு நல்லதற்கு நன்றி சொல்லி டைரி எழுத ஆரம்பித்தேன். முதல் நாள், 'மகள் கிண்ணம் நிறையக் கேழ்வரகுக் கூழ் குடித்தாள், நன்றி' என்று எழுதினேன். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். என் கண்ணே பட்டுவிட்டதோ என்று டைரியை மூடிவிட்டேன்.

காரிமங்கலம் சந்தைக்கு வந்த நாத்தனார் இதைக் கேட்டுச் சிரித்தாள். "பல்லு மொளைக்குதுங்க அண்ணி, ஒடம்பு சுடத்தான் செய்யும். அவ்வளவு பயமா இருந்தா டைரிக்கும் ஒரு பொட்டு வெச்சுடுங்க."

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் காய்ச்சல் இறங்கியதும், மகள் கன்னத்தில் வைக்கும் மையைத் தொட்டுப் பக்கத்தின் ஓரத்தில் பொட்டு வைத்தேன். அதன் பிறகுதான், 'பல் வருகிறது, நன்றி' என்று நிம்மதியாக எழுத முடிந்தது.