மீனில்லாத் தீவனமும் என் மீசையும்

குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். காவல்காரர் குட்டன் பிள்ளை ஓடி வந்து, "சாரே, நம்முடெ கோமதி சார் போயி" என்றார். எங்கே போனார் என்று கேட்டேன். அவர் அழுததைப் பார்த்துத்தான் புரிந்தது. முந்தின நாள் மாலை வரை என்னோடு தவிட்டுக்குச் சண்டை போட்ட மனிதர்!

எங்கள் கோழிப் பண்ணையில் கோமதிநாயகம் தீவனம் கலப்பவர், நான் கணக்கெடுப்பவன். அவர் நாஞ்சில் நாட்டுச் சைவர். கருவாட்டுத் தூளை மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கலப்பார். நாலைந்து வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் விழிஞ்ஞத்திலிருந்து வந்த கருவாடு வெயில் காணாமல் புழுத்திருந்தது. அதைத் தின்று இறைச்சிக்கு வளர்த்த குஞ்சுகள் கூட்டமாகச் செத்தன. அன்றே சொல்லிவிட்டார்: "இனி மீன் வேண்டாம் வேய். பிண்ணாக்கும் தவிடும் முருங்கையிலையும் போதும்." நான் சிரித்தேன். மீனில்லாமல் கோழி வளர்ந்தால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சவால் விட்டேன்.

அடுத்த கோடையில் புதுக் குஞ்சுகள் வந்தன. சாலைக் கடைத்தெருவில் கடலைப் பிண்ணாக்கும் எள்ளுப் பிண்ணாக்கும் மோந்து பார்த்து வாங்கினார். வலியசாலையில் அவர் வீட்டு முன்னால் முருங்கையிலை பாய் பாயாக வெயிலில் காய்ந்தது. மூன்றாம் வாரம் குஞ்சுகளின் கால்விரல்கள் உள்ளே சுருண்டன. கணுக்காலால் தவழ்ந்தன. பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், ஜெயித்துவிட்டோம் என்று மீசையைத் தடவினேன்.

பண்ணைச் சூப்பிரண்டு கூட்டை எட்டிப் பார்த்தார். "திங்களாழ்ச்ச வரெ நோக்காம். பின்னெ மீன் தன்னெ. தான் ஆப்பீஸில் இருந்தால் மதி." திங்கட்கிழமைக்குள் தேறாவிட்டால் மறுபடி மீன்தான், கோமதிநாயகத்துக்கு ஆபீஸ் வேலைதான். கோழிகளை விட்டுப் போய்க் கோப்புக்கு முன் உட்காருவதா? கோமதிநாயகத்தின் முகம் வாடிவிட்டது. "தப்பு குஞ்சுகிட்ட இல்ல வேய், நம்ம கையிலதான் எங்கயோ இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அன்று அவர் வீட்டில் நானும் இருந்தேன். இலைத்தூள் தேயிலை மாதிரிப் பழுப்பாகக் கிடந்தது. அவர் மனைவி ஆவுடையம்மாளிடம் குஞ்சுகளின் கதியைச் சொன்னோம். அந்த அம்மாள் பொரிந்து தள்ளினார்: "வத்தல் மாதிரி உணத்துன்னுல்லா சொன்னிய! குஞ்சுகளுக்கு மருந்துன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நெழல்லல்லா உணத்தியிருப்பேன்!"

வத்தல் வெயிலில் காயும், மருந்திலை நிழலில் அல்லவா காய வேண்டும்! கோமதிநாயகம் துள்ளி எழுந்தார். தெருவில் எந்த வீட்டு முருங்கையையும் விடவில்லை. இலைகளைக் கட்டுக்கட்டாக உள் அறைக் கொடியில் தொங்கவிட்டார். அவை காயும்வரை பச்சை இலையையே பொடியாக அரிந்து ஊட்டினோம். நானும்தான் ஊட்டினேன், பந்தயம் எனக்கு மறந்தே போயிற்று.

திங்கட்கிழமை காலை நான் கதவைத் திறந்தேன். தீவனத் தொட்டியை நோக்கி ஓடி வந்தன ஐயா, ஓடி வந்தன! விரல் விரிந்த கால்களோடு! மிகவும் முடங்கிய சில தேறவில்லை. மற்றவை என் செருப்பின் மேல் ஏறிக்கொண்டு கொத்தின. சூப்பிரண்டு தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். குஞ்சுகளின் காலைக் காக்கும் அந்த இலைச் சத்து வெயில் வெளிச்சம் பட்டால் அழிந்துவிடும் என்பதைப் பிறகுதான் புத்தகத்தில் படித்தோம்.

நான் மீசையைத் தொட்டபடி நின்றேன். கோமதிநாயகம் சொன்னார்: "மீச கெடக்கட்டும் வேய். இன்னும் ரெண்டு சாக்கு எல வேணும். நீரு மரத்துல ஏறும்."

நேற்று முன்தினம் துக்கத்துக்குப் போனபோது அதே கொடியில் இலைக்கட்டுகள் காய்ந்தும் பச்சை மாறாமல் தொங்கின. "அவுக கட்டினது அண்ணாச்சி. குஞ்சுகளுக்கு வேணும்லா, எடுத்துட்டுப் போங்க" என்றார் ஆவுடையம்மாள். துக்க வீட்டிலிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது என்பார்கள். நான் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தேன்.

அவரை அறிந்தவர்களே, என்னிடம் அவர் விட்டுப்போனது அந்த ஒரு சொல்தான்: தப்பு குஞ்சிடம் இல்லை. அந்த இலைகளைத் தூளாக்கிக் குஞ்சுகளுக்குப் போட்டுவிட்டு நேராக நாவிதரிடம் போனேன். வழியில் பார்ப்பவர்கள் மீசை எங்கே என்று கேட்கிறார்கள். நாலு வருடம் கழித்துத் தோற்ற பந்தயத்தைக் கொடுத்துவிட்டேன் என்கிறேன். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.